கலாபவன் மணி: வில்லனாக மட்டும் நமக்குத் தெரிந்தவர்

2002 ஏப்ரலில் ‘ஜெமினி’ படம் வந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் அதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, ‘ஓ போடு’. மற்றொன்று, தேஜா என்ற ரவுடியின் குரலும் சிரிப்பும். விலங்குகளைப் போல உறுமி, கழுத்தைச் சாய்த்து, கண்ணை உருட்டி அந்த ஆள் மிரட்டியதைப் பள்ளிக்கூட வராந்தாவில் செய்துகாட்டாத பையன் அந்த வருடம் இருந்திருக்க மாட்டான். நடித்தவர் பெயர் கலாபவன் மணி. மலையாளி என்று தெரியும். அதற்கு மேல் நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ‘ஜெமினி’ வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் நாம் பார்த்த இன்னொரு படம் ‘காசி’. கண் பார்வையற்ற ஏழைப் பாடகனாக விக்ரம் நடித்து, தியேட்டரில் எல்லோரையும் அழவைத்த படம். அந்தப் பாத்திரத்துக்கு முதன்முதலில் உயிர் கொடுத்தவர் விக்ரம் அல்ல. விநயன் இயக்கி 1999-இல் வந்த ‘வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும்’ என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம்தான் ‘காசி’. மலையாளத்தில் அந்தக் கண் தெரியாத பாடகன், கலாபவன் மணி. அதாவது, 2002-இல் ‘ஜெமினி’ படத்தில் நேருக்கு நேர் நின்று மோதியவர்கள் ஒரே பாத்திரத்தை இரண்டு மொழிகளில் நடித்த இருவர். ஒருவர் கதாநாயகன். இன்னொருவர் வில்லன்.

இதில் விக்ரமைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாய்ப்பே இல்லாமல் பத்தாண்டு உழன்று, ‘சேது’வில் மேலே வந்து, ‘காசி’யில் உழைத்து நடித்தவர் அவர். ஆனால் ஒரு செய்தியை மட்டும் நினைவுபடுத்த வேண்டும். ‘காசி’க்காக அவர் வெயிலில் படுத்துக்கிடந்து தன் தோலைக் கறுக்க வைத்தார் என்று அப்போது பத்திரிகைகள் வியந்து எழுதின. தோல் தொழிலில் வாழும் ஊர்க்காரர்கள் நாம். எந்த நிறத்துக்கு ஆர்டர் வருகிறதோ அந்த நிறத்துக்குத் தோலில் சாயம் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல. சினிமாவும் அப்படித்தான். கதைக்குக் கறுப்பு தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளும். பிறக்கும்போதே கறுப்பாக இருப்பவனுக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி. மணியின் சினிமா வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலாகத்தான் எனக்குத் தெரிகிறது.

சாலக்குடி ஆட்டோக்காரர்

ஜோலார்பேட்டையைத் தாண்டி எர்ணாகுளம் போகும் ரயிலில் திருச்சூரை விட்டபின் வரும் சிறு நகரம் சாலக்குடி. அங்கே 1971 ஜனவரி 1-ஆம் தேதி, கூலி விவசாயத் தொழிலாளியான ராமனுக்கும் அம்மிணிக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் மணி. தலித் குடும்பம். வீட்டில் ஏழு பிள்ளைகள். அப்பா உழைத்தது பிறர் நிலத்தில்.

அந்த வட்டாரத்தின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். சாலக்குடிக்குப் பக்கத்து ஊர் இரிஞாலக்குடை. அங்குள்ள கூடல்மாணிக்யம் கோயிலை ஒட்டிய பாதையில் ஒடுக்கப்பட்டவர்கள் நடப்பதற்கே 1946-இல் போராட வேண்டியிருந்தது. அதைக் குட்டங்குளம் போராட்டம் என்பார்கள். கோயிலுக்குள் நுழைவதற்கு அல்ல, பக்கத்துச் சாலையில் கால் வைப்பதற்கு. மணி பிறந்தது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தென்னை மரம் ஏறினார், ஆற்று மணல் வாரினார், பிறகு ஆட்டோ ஓட்டினார். பாலாற்று மணலும் ஷேர் ஆட்டோவும் தெரிந்த நம் பையன்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. பகலில் ஆட்டோ, இரவில் மேடை. மேடையில் அவர் செய்தது மிமிக்ரி.

மிமிக்ரி என்றால் நமக்கு நடிகர்கள் குரலில் பேசுவது. கேரளத்தில் 1980-களில் அது ஒரு தனி மேடைக்கலையாகவே வளர்ந்தது. அதை வளர்த்தது கொச்சியில் உள்ள ‘கலாபவன்’. ஆபேல் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் 1969-இல் தொடங்கிய கலை நிறுவனம். தனியாள் செய்த வித்தையை ஒரு குழுவாக மேடையேற்றி 1981-இல் அவர்கள் ‘மிமிக்ஸ் பரேடு’ என்று தொடங்கினார்கள். கோயில் திருவிழா, சர்ச் திருநாள், கல்லூரி விழா, வளைகுடா நாடுகள் என்று அது பரவியது. நமக்குத் தெரிந்த ஜெயராம், ‘ஃபிரண்ட்ஸ்’, ‘காவலன்’ எடுத்த இயக்குநர் சித்திக் எல்லாம் அந்த மேடையில் இருந்து வந்தவர்கள். மணியும் அங்கே சேர்ந்தார்.

‘கலாபவன்’ என்பது அவருடைய வீட்டுப் பெயரோ குடும்பப் பெயரோ என்று நினைத்தவர்கள் நம்மில் உண்டு. நிறுவனத்தின் பெயர்தான் அது. கேரளத்தில் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லே பல நேரம் சாதியைச் சொல்லிவிடும். நாயர், மேனன், நம்பூதிரி என்று. மணிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவருடைய பெயருக்கு முன்னால், தான் கற்ற இடத்தின் பெயர் வந்து உட்கார்ந்தது. சாதிப் பெயர் கொடுக்கும் மரியாதையை ஒரு கலைக்கூடத்தின் பெயர் கொடுத்தது.

கட்டியங்காரன் வேடம்

நம் பகுதியில் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். ராஜா வேடம் வருவதற்கு முன்பே வந்துவிடுவான். ராஜா விருத்தம் பாடுவார், இவன் ஊர்ப் பேச்சில் பேசுவான். ராஜாவின் பெருமையைச் சொல்வதுபோலச் சொல்லி அவரைக் கவிழ்த்துவிடுவான். விடிய விடிய நடக்கும் கூத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவது அவன்தான். ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் அவனுக்குக் கிடையாது. கூத்து முடியும் வரை வேலைக்காரன்தான்.

ஊர்த் தெருவில் கூத்து நடந்தால் காலனிக்காரர்கள் ஓரத்தில் உட்கார வேண்டியிருந்த காலம் ரொம்பப் பழசு இல்லை. பறை அடிக்க மட்டும் கூப்பிடுவார்கள். அதனாலேயே பல காலனிகளில் தனியாக மேடை போட்டு, தனியாக வேடம் கட்டி ஆடினார்கள். நம் ஆட்கள் அர்ச்சுனனாகவும் கர்ணனாகவும் ஆடியது நம் தெருவில்தான். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் இன்றைக்கும் பாருங்கள். சிவப்பாக இருக்கும் பிள்ளைக்கு ராஜா, கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு எமன், திருடன், காவலாளி. வேடம் பிரிக்கும் ஆசிரியருக்கு இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்காது. கை தானாகப் போகிறது, அவ்வளவுதான்.

சினிமா மணிக்குப் பிரித்துக் கொடுத்த வேடங்களும் அப்படித்தான் இருந்தன. 1995-இல் சிபி மலயிலின் ‘அட்சரம்’. ஆட்டோ டிரைவர் வேடம். 1996-இல் லோகிததாஸ் எழுதி சுந்தர்தாஸ் இயக்கிய ‘சல்லாபம்’. கள் இறக்குகிறவர் வேடம். இந்தப் படத்தில்தான் கேரளம் அவரைக் கவனித்தது. ஆட்டோ ஓட்டியவருக்கு ஆட்டோ, மரம் ஏறியவருக்கு மரம். வாழ்க்கையில் எந்த வேலையை விட்டு வெளியே வந்தாரோ அதே வேலையைக் கேமராவுக்கு முன்னால் செய்யச் சொன்னார்கள். அவர் செய்தார். நகைச்சுவையாகச் செய்தார். மூச்சை இழுத்து இழுத்துச் சிரிக்கும் ஒரு சிரிப்பு அவருக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது.

மிமிக்ரியைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எசமானுடைய குரலை அவரைவிட நன்றாக அறிந்தவன் அவரிடம் வேலை செய்கிறவன்தான். எந்தத் தொனிக்கு என்ன கோபம், எந்தச் செருமலுக்கு என்ன உத்தரவு என்று தெரியாவிட்டால் அவனால் பிழைக்க முடியாது. ஒடுக்கப்பட்ட மக்களிடம் நல்ல மிமிக்ரிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் காலனிகளில், ஷூ கம்பெனி சூப்பர்வைசர் முதல் தாசில்தார் வரை யார் குரலையும் அச்சாகப் பேசிக்காட்ட ஒரு ஆள் இருப்பார். கம்பெனி வேனில் போகும் பெண்களுக்குள்ளும் இருப்பார்கள்.

விருதும் மயக்கமும்

‘வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும்’ அவரை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தது. சிரிக்கவைக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த கேரளம் அழுதது. அந்த ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதில் சிறப்புக் குறிப்பு, கேரள அரசின் நடுவர் குழு சிறப்பு விருது இரண்டும் கிடைத்தன. சிறந்த நடிகர் விருது கிடைக்கவில்லை. அது மாநில அளவிலும் தேசிய அளவிலும் ‘வானபிரஸ்தம்’ படத்துக்காக மோகன்லாலுக்குப் போனது.

மோகன்லால் அந்தப் படத்தில் பிரமாதமாக நடித்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் படத்தின் கதை என்ன? தாழ்த்தப்பட்ட சாதியில் வளர்ந்த ஒரு கதகளிக் கலைஞன், பிறப்பின் காரணமாக அவமானப்படும் கதை. அந்த வேடத்தைப் போட்டவருக்கு விருது. அந்த வாழ்க்கையைப் பிறப்பிலேயே கொண்டுவந்தவருக்கு ஆறுதல் பரிசு. யாரும் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. அப்படி அமைந்தது.

விருது தனக்கு இல்லை என்று தெரிந்ததும் மணி மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தது. அதை வைத்துப் பல ஆண்டுகள் கேலி செய்தார்கள். மிமிக்ரி மேடையிலேயே அது நகைச்சுவைத் துணுக்காக ஓடியது. ஒரு பெரிய நடிகர் விருது கிடைக்காமல் வருந்தினால் அதைக் கலைஞனின் ஏக்கம் என்பார்கள். ஒரு ஆட்டோக்காரர் வருந்தினால் சிரிப்பார்கள். அவருக்கு அந்த விருது ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு. அரசாங்க முத்திரை போட்ட ஒரு காகிதம் நம் வீடுகளில் எந்த இடத்தில் மாட்டப்படும் என்பது நமக்குத் தெரியும்.

அதன் பிறகு மலையாளத்தில் நாயகனாகவும் நிறைய நடித்தார். 2001-இல் ‘கருமாடிக்குட்டன்’. அடுத்த ஆண்டு ‘பாம்பூ பாய்ஸ்’ என்ற படம். பழங்குடி மக்களைக் கோமாளிகளாகக் காட்டும் படம் அது. மணி அதில் நடித்திருக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூசியது. ஆனால் அவர் நிராகரித்திருந்தால் அந்தப் படம் நின்றிருக்குமா? அதை எழுதியவர்களிடமும் எடுத்தவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வியை நடித்தவரிடம் மட்டும் கேட்பது சரியில்லை.

தமிழில் அவர் வேறு மாதிரி வேலை செய்தார். ‘ஜெமினி’ தேஜாவுக்கு ஃபிலிம்ஃபேர் வில்லன் விருது. மேடையில் கற்ற மிமிக்ரியை மிரட்டலாக மாற்றிக் காட்டியதுதான் அதில் புதுமை. ‘புதிய கீதை’, ‘குத்து’, ‘அந்நியன்’, ‘வேல்’ என்று வரிசையாக வந்தார். ‘எந்திரன்’ படத்தில் பச்சைமுத்துவாகச் சில நிமிடங்கள். 2015-இல் ‘பாபநாசம்’. கமலின் குடும்பத்தை அடித்து உதைக்கும் போலீஸ்காரர் பெருமாளைப் பார்த்துத் தியேட்டரில் பெண்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். அந்தக் கதையின் மூலமான மலையாள ‘திருஷ்யம்’ படத்தில் அதே போலீஸ்காரராக நடித்தவர் கலாபவன் ஷாஜோன். அவரும் அதே மிமிக்ரி மேடையின் பிள்ளை. சிரிக்கவைக்கத் தெரிந்தவனுக்குப் பயமுறுத்தவும் தெரியும் என்று இரண்டு இயக்கமும் செய்த ஜீத்து ஜோசப்புக்குத் தெரிந்திருக்கிறது.

மலையாளம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று 200-க்கும் மேற்பட்ட படங்கள். இருபது ஆண்டுகளில். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று ஆகிவிடும். இப்படி நடிப்பவர்களை நாம் குணச்சித்திர நடிகர் என்கிறோம். நல்ல சொல். ஆனால் சினிமாவில் அதற்குப் பொருள், போஸ்டரில் முகம் பெரிதாக வராதவர் என்பதுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வேடம். 2011-இல் வந்த ‘ஆதாமின்டெ மகன் அபு’. தேசிய அளவில் சிறந்த படமாகத் தேர்வானது. ஹஜ் போக ஆசைப்படும் ஏழை முதியவர் தன் வீட்டுப் பலாமரத்தை விற்கிறார். வெட்டிப் பார்த்தால் உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. மரம் வாங்கிய ஜான்சன், பேசிய பணத்தை அப்படியே கொடுக்கிறேன் என்கிறார். முதியவர் வாங்க மறுக்கிறார். ஜான்சனாக மணி. உறுமல் இல்லை, சிரிப்பு இல்லை, மிமிக்ரி இல்லை. எதிரில் இருப்பவரை அவமானப்படுத்தாமல் எப்படிப் பணம் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் ஒரு மனிதன், அவ்வளவுதான். அந்த முதியவராக நடித்து தேசிய விருது வாங்கியவர் சலீம்குமார். அவரும் மிமிக்ரியில் இருந்து வந்தவர்தான். இரண்டு ‘கோமாளிகள்’ எதிரெதிரே உட்கார்ந்து பேசும் அந்தக் காட்சியை மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

பாட்டு

படங்களைவிட மணியைக் கேரளத்துச் சாதாரண மக்கள் நெஞ்சில் வைத்தது அவருடைய நாடன் பாட்டுதான். நாட்டுப்புறப் பாட்டு. வயலில் நாற்று நடும்போதும் கள்ளுக்கடையிலும் பாடிய பாட்டுகளையும், அந்த மெட்டில் ஆறுமுகன் வெங்கிடங்கு போன்றவர்கள் புதிதாக எழுதிய பாட்டுகளையும் கேசட்டாகப் போட்டார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் மேடை மேடையாகப் பாடினார். வயலில் மட்டும் கேட்ட பாட்டு பேருந்திலும் ஆட்டோவிலும் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. பிற சாதியினரும் வாய்விட்டுப் பாடினார்கள். நம் ஊரில் பறை, சாவு மேளம் என்ற பெயரை விட்டு மேடைக்கு வந்த காலமும் ஏறக்குறைய அதுவேதான்.

பணம் வந்தபிறகும் அவர் கொச்சிக்குக் குடிபோகவில்லை. சாலக்குடியிலேயே இருந்தார். உதவி கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள், கொடுத்தார்.

2016 மார்ச் 6-ஆம் தேதி கொச்சி மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 45. முந்தைய நாள் சாலக்குடி ஆற்றங்கரையில் இருந்த தன் ஓய்வுக்கூடத்தில் சுயநினைவு இழந்திருந்தார். உடலில் மெத்தில் ஆல்கஹால் இருந்தது என்ற பரிசோதனை முடிவால் சந்தேகங்கள் கிளம்பின. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் 2017-இல் விசாரணையை ஏற்ற சிபிஐ, கல்லீரல் நோயே காரணம் என்று பின்னர் முடித்தது. குடிப்பழக்கம் அவரைக் கொன்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலும் நல்ல பாட்டுக்காரர்களையும் மேளக்காரர்களையும் நாற்பதுகளில் புதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கூலியில் பாதியைப் பாட்டிலாகக் கொடுக்கும் வழக்கத்தை விழா நடத்துகிறவர்கள் எப்போது விடப்போகிறார்கள்?

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர். நாயகி பி.கே. ரோசி, காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசி ஊரை விட்டு ஓடி, தமிழ்நாட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து மறைந்தார். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாத தலித் வரலாற்றுத் திரைப்பட விழாவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. மேல்சாதிப் பெண்ணாக நடித்த ரோசிக்குக் கல் விழுந்தது. மரமேறியாக நடித்த மணிக்குக் கைதட்டல் விழுந்தது. நடுவில் அறுபது, எழுபது ஆண்டுகள் போயிருந்தன. ஆனால் வேடமும் மாறியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தம்பி

மணியின் தம்பி ராமகிருஷ்ணன் நடனக் கலைஞர். மோகினியாட்டம் ஆடுகிறவர். திருப்பூணித்துறையில் கொச்சி அரச குடும்பம் தொடங்கிய ஆர்.எல்.வி. கல்லூரியில் பயின்றதால் அவர் பெயர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன். அண்ணனைப் போலவே இவருக்கும் படித்த இடமே பெயர். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர்.

2024 மார்ச்சில், மூத்த நடனக் கலைஞர் ஒருவர் ஒரு பேட்டியில், மோகினியாட்டம் ஆடுகிறவர்கள் அழகாக இருக்க வேண்டும், காக்கை நிறத்தில் இருப்பவர்கள் ஆடக்கூடாது என்ற பொருளில் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொல்கிறார் என்று கேரளத்துக்கே தெரிந்தது. அண்ணன் அந்த நிறத்தை வைத்து வில்லனாகவும் கோமாளியாகவும் பிழைத்துக்கொண்டார். தம்பி கேட்டது மோகினி வேடம். அங்கேதான் சுட்டது.

இந்த முறை கேரளம் சிரிக்கவில்லை. கட்சி வேறுபாடு இல்லாமல் கண்டித்தார்கள். 1930-இல் கவிஞர் வள்ளத்தோள் நிறுவிய கேரள கலாமண்டலம், ராமகிருஷ்ணனை அழைத்துத் தன் வளாகத்தில் ஆடவைத்தது. அதே மாதத்தில், அதுவரை பெண்களுக்கு மட்டும் கற்பித்துவந்த மோகினியாட்டத்தை இனி ஆண்களும் படிக்கலாம் என்று முடிவெடுத்தது. 2025 ஜனவரியில் ராமகிருஷ்ணன் அங்கேயே உதவிப் பேராசிரியராகப் பணியில் சேர்ந்தார். பரதநாட்டியத் துறை. கலாமண்டலத்தில் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்ட முதல் ஆண் அவர்.

நம் அரசுப் பள்ளிகளில் இப்போது ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடக்கிறது. பலகுரல் பேச்சும் அதில் ஒரு போட்டி. அந்தப் போட்டிக்கு எந்தப் பிள்ளையை அனுப்பலாம் என்று ஆசிரியர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பரதநாட்டியத்துக்கும் நாடகத்தில் ராஜா வேடத்துக்கும் அதே பிள்ளையின் பெயரை இந்த ஆண்டு எந்தப் பள்ளி எழுதி அனுப்பியது என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.